சட்டமே இல்லாமல் சேர்த்து வைக்கிறார்கள்

ஆய்விதழ்கள் ஆன்லைனுக்குப் போனதிலிருந்து நூலகத்தின் கையில் காகிதப் பிரதி என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை, வெறும் சந்தாதான். பதிப்பகமே இழுத்து மூடிவிட்டால் பழைய இதழ்களின் கதி?

இதற்கு முதலில் உருப்படியாக வழி செய்தவர்களில் நெதர்லாந்தின் தேசிய நூலகத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் வெளியிட்டதில் ஒரு பிரதி நூலகத்துக்குத் தந்தே ஆகவேண்டும் என்ற சட்டமே அந்த நாட்டில் கிடையாது. 1974 முதல் எல்லாம் பதிப்பகங்களோடு பேசி வாங்குவதுதான். அதே பழக்கத்தில் 2002-ல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் போட்டு, அதன் மின்னிதழ்களைச் சேமிக்கத் தொடங்கினார்கள். ஐபிஎம் கட்டிக்கொடுத்த 'இ-டெப்போ' என்ற சேமிப்பு அமைப்பு 2003-ல் ஓட ஆரம்பித்தது. ஆனால் அதிலிருப்பதைப் படிக்க தி ஹேக் நகரில் உள்ள நூலகத்துக்கே நேரில் போகவேண்டியிருந்தது. கறாரான நிபந்தனைதான், இது இல்லையென்றால் பதிப்பகம் கோப்புகளைக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகமே.

கோப்பு கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்க மென்பொருளும் வேண்டும். புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே போகலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சமன்பாட்டுக் குறியோ அடிக்குறிப்போ காணாமல் போகக்கூடும். அதனால் தேசிய ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து 'டயோஸ்குரி' என்ற எமுலேட்டரை எழுதி 2007-ல் வெளியிட்டார்கள்: பழைய பிசி ஒன்றை அப்படியே மென்பொருளாக்கி, அதற்குள் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டுவது. எந்தக் கணினியிலும் ஓடட்டும் என்று அதை ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதினார்கள். சரி, அப்புறம் அந்த ஜாவாவை யார் காப்பாற்றுவது?