முதலில் ஓட்டு, பிறகு வரலாறு

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஒரு தேர்தல் வையுங்கள். பத்துப் பேர் போதும். எந்த விளையாட்டு ஆடலாம் என்பதே கேள்வி. ஒரு பிள்ளை நிலக்கிழார். கையில் ஒன்பது மிட்டாய். பலருக்கும் பிடிக்காத விளையாட்டையே அவர் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இழுபறியே இருக்காது.

முதல் சுற்றில் அவர் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சொல்லி ஓட்டு. அவர் பக்கம் போட்டால்தான் மிட்டாய். அடுத்த சுற்றில் மடித்த சீட்டு, மூடிய டப்பா. எண்ணுவதும் பிள்ளைகளே.

பிரிட்டனில் ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் சட்டமானது. தொழிலாளர்களுக்கும் ஓட்டுரிமை கேட்ட 1838 மக்கள் சாசனம் என்ற கோரிக்கைப் பட்டியலின் ஆறு கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆனால் இதை ஆட்டம் முடிந்த பிறகே சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் எல்லோரும் நல்ல பிள்ளையாக நடிப்பார்கள், மிட்டாய் வேலை செய்யாது.

மூன்றாம் சுற்றில் சீட்டுக் குலுக்கி பாதிப் பேரின் ஓட்டைப் பறியுங்கள். "ஏன் எனக்கு மட்டும் இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்கும்; பெண்களுக்கும் ஏழைகளுக்கும் ஓட்டு இல்லாத கதையை அங்கே ஆரம்பிக்கலாம்.