டிஸ்சார்ஜ் சீட்டுக்குப் பிறகு

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி அவசர சிகிச்சைப் பிரிவிலும் அதையொட்டிய பெண்கள் வார்டிலும் கழிந்தது. நெல்லும் கரும்பும் விளைகிற மாவட்டம். பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்று யாரையாவது தூக்கிக்கொண்டு வராத வாரம் கிடையாது. உயிரைக் காப்பாற்றும் வேலை எங்களுக்குக் கைவந்திருந்தது. டாக்டர்களும் நாங்களும் இரவு பகலாக நின்று எத்தனையோ பேரை மீட்டிருக்கிறோம். மீண்டு எழுந்தவரை அதன் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. இந்த நாட்டில் இன்னும் சரியான பதில் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

வார்டுக்கு வந்த உறவினர்கள் முதலில் கேட்பது, "பிழைத்துக்கொள்வாளா?" அடுத்து, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், போலீஸ் வருமா?" விபத்துப் பதிவேட்டில் விவரம் எழுதும்போதே நடந்தது மாறத் தொடங்கிவிடும். இருமல் மருந்து என்று நினைத்துத் தெரியாமல் குடித்துவிட்டாள் என்பார்கள். நாள்பட்ட வயிற்றுவலி, தாங்க முடியவில்லை என்பார்கள். அப்படிப் பதிவான பெண்களில் பலருக்கு வயிற்றில் எந்த நோயும் இருக்காது. கணவனின் குடி, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, வேறு சாதிப் பையனோடு பழகியதற்கு வீட்டில் விழுந்த அடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சொன்னால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், ஊரில் தலை நிமிர முடியாது, தங்கைக்கு வரன் அமையாது. பெற்றவர்கள் மறைப்பதில் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

அந்தப் பயத்தை வளர்த்தது சட்டம்தான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம் என்றது. 2017இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குத் தண்டனை கூடாது, பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டுவதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் இன்னும் குற்றம். ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. படுக்கைக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை வந்து நின்று வாக்குமூலம் கேட்டால், பயந்து கிடக்கும் பெண் எப்படி வாய் திறப்பாள்?

இவ்வளவு மறைத்த பிறகும் பதிவாகிற கணக்கைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 19,834 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். 25,000 பேருக்கு மேல் வீட்டைக் கவனித்துவந்த பெண்கள். மாணவர்கள் 13,044 பேர். தேர்வு முடிவு வருகிற நாட்களில் தொலைக்காட்சிகள் மாணவர்களைப் பற்றிப் பேசுகின்றன, பேச வேண்டியதுதான். சித்தாள் வேலைக்குப் போகிறவரைப் பற்றியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருப்பவளைப் பற்றியும் யாரும் விவாதம் நடத்துவதில்லை. உள்ளூர்ச் செய்தியில் நான்கு வரி வரும், அதிலும் பாதி 'குடும்பத் தகராறு'.

இன்னொன்றும் உறுத்துகிறது. காசநோயாளிகளின் கணக்கைச் சுகாதாரத் துறை வைத்திருக்கிறது, டெங்கு கணக்கும் அங்கேதான். இந்த மரணங்களின் கணக்கு மட்டும் காவல் நிலையங்களிலிருந்து போகிறது. கணக்கை வைத்திருப்பவரிடம்தானே பொறுப்பும் இருக்கும்?

வார்டில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்காகத் திட்டமிட்டுச் சாக முடிவெடுத்தவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்களும் உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் அவர்கள், சிகிச்சை கிடைத்தால் தேறுகிறார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே குவிந்து கிடந்த துயரத்தின் மேல் அன்றைக்கு விழுந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் போனவர்கள். ஒரு இளம்பெண் நினைவில் நிற்கிறாள். தவணை கேட்டு வந்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்திருக்கிறது. மாலையில் கணவனும் சேர்ந்து ஏசியிருக்கிறான். வயலுக்கு வாங்கியதில் மிச்சம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அவளுக்கு நினைவு நன்றாகத் திரும்பியதும் என்னிடம் கேட்டது, "பாப்பாவை இன்றைக்கு யார் ஸ்கூலுக்கு அனுப்பினார்கள்? தலை வாரி விட்டார்களா?" அவளைச் சாக விரும்பியவள் என்று எந்தப் பதிவேட்டில் எழுதினாலும் நான் ஏற்க மாட்டேன். அந்தச் சாயங்காலத்தைக் கடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இதனால்தான், 'தைரியமாக வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்கிற அறிவுரைகளைவிட, எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று சொல்கிறேன். இலங்கை இதை நடத்திக் காட்டியது. 1995 வாக்கில் அங்கே லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள், உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அந்தக் காலத்தில் 2009 வரை போர் நடந்தது, வறுமை இருந்தது, குடி இருந்தது. மனிதர்களின் துயரம் ஒன்றும் மறைந்துவிடவில்லை. துயரத்தின் உச்சத்தில் கைக்கு வந்தது அவ்வளவு கொடியதாக இல்லை, அவ்வளவுதான். விளைச்சலும் குறையவில்லை என்று அங்கே ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் உண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைப் பலருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய குழு கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பொதுப் பெட்டக அறைகளைக் கட்டிப் பார்த்தது. விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைத்துவிட்டு, தெளிக்கிற நாளில் எடுத்துப் போவார்கள். பலன் தெரிந்தது. வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இலங்கையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து அதையும் சோதித்தார்கள், பயன் இல்லை. சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது! ஆகவே மிகக் கொடியவற்றைச் சந்தையிலிருந்தே எடுப்பதுதான் முதல் வேலை. ஒரு சில மருந்துகளுக்குத் தடை வந்திருக்கிறது. அதை விரிவாக்க மாநில அரசும் மத்திய அரசும் தயங்கக் கூடாது.

இனி டிஸ்சார்ஜ் நாளுக்கு வருகிறேன். ரவுண்ட்ஸ் முடிந்து, சீட்டு எழுதி, கையெழுத்தாகி நோயாளியின் கைக்கு வரும்போது மதியம் ஒரு மணி ஆகிவிடும். சீட்டின் அடியில் 'மனநல மருத்துவரைப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கும். மனநலப் புறநோயாளிகள் பிரிவு பன்னிரண்டு மணியோடு மூடியிருக்கும். "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்வோம். கூட வந்தவருக்கு ஏற்கெனவே ஒரு வாரக் கூலி போயிருக்கிறது, ஊருக்கு அடுத்த பஸ் இரண்டரை மணிக்கு. துணிப்பையையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடப்பார்கள். அந்த 'நாளைக்கு' வரவே வராது. எந்த வீட்டில், எந்தச் சண்டையில் அது நடந்ததோ, அதே வீட்டுக்கு அவள் திரும்புகிறாள். முன்பு இருந்த துயரத்தோடு இப்போது அவமானமும் சேர்ந்திருக்கும். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களுக்குத்தான் மறுபடி ஆபத்து அதிகம் என்பது மருத்துவத்தில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி.

இதற்குப் பெரிய மருந்தோ எந்திரமோ வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2008இல் முடிவை வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. விசாரித்தது செவிலியர் போன்றவர்களும்தான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. ஒன்பது தடவை 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டதில் வந்த வித்தியாசம் இது. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, அழுகையும் வந்தது. சென்னையிலேயே செய்து பார்த்த காரியம் எங்கள் வார்டை எட்டவில்லை.

சிலரை என் போனிலிருந்து நானே கூப்பிட்டிருக்கிறேன். பல வீடுகளில் ஒரே போன், அது கணவனிடம் இருக்கும். "நன்றாக இருக்கிறாள் சிஸ்டர்" என்று அவரே பதில் சொல்லி வைத்துவிடுவார். பெண்களைப் பொறுத்தவரை நேரில் போய்ப் பார்ப்பதுதான் சரி. அதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பார்க்கத் தெருத்தெருவாகப் போகிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பட்டியலோடு எங்கள் வார்டிலிருந்து போனவர்களின் பெயரும் சேரட்டும். எதற்காக வந்தார் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியத் தேவையில்லை, பிரஷர் பார்க்க வந்தார் என்றே இருக்கட்டும். 2030க்குள் தற்கொலை மரணங்களைப் பத்து விழுக்காடு குறைப்போம் என்று மத்திய அரசு 2022 நவம்பரில் தேசியத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. அது எங்கள் டிஸ்சார்ஜ் கவுண்டர் வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது தாய்மார்கள் என்னிடம் ஒன்று கேட்பார்கள். "அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மறுபடியும் ஞாபகம் வந்துவிடாதா?" வராது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், திட்டாமல், "சாக வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் ஆபத்தாக இருப்பவற்றை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. அவளுக்குப் பேசத் தெம்பில்லை என்றால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, போனைக் கொஞ்ச நேரம் அவள் கையில் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நில்லுங்கள்.