பெயிண்டைக் கடைசியாகப் பார்க்கப் பழகுகிறேன்: ஏலத்துக்கு வரும் எஃப்ஜே40

டொயோட்டா லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40 ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்றால், வாங்குகிறேனோ இல்லையோ, அதை எவ்வளவு ஒழுங்காகச் சீரமைத்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டுப் பார்த்துவிடுவேன். கொஞ்ச காலமாக இதுதான் என் பொழுதுபோக்கு. அரிசோனாவில் இருப்பதால் ஜனவரி மாத ஸ்காட்ஸ்டேல் ஏலங்கள் பக்கத்திலேயே நடக்கின்றன. மற்ற மாதங்களில் இணைய ஏலம். இதுவரை என்ன பிடிபட்டது, எது இன்னும் பிடிபடவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

1960 முதல் 1984 வரை ஜப்பானில் தயாரான வண்டி இது. 90 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்), முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பண்ணை வேலைக்கும் மலைப்பாதைக்கும் என்று செய்தது, இன்று சீரமைத்த நிலையில் 1,00,000 டாலரைத் தாண்டி விற்றதும் உண்டு. அவ்வளவு பணம் புரளும் இடத்தில் இரண்டு விதமான வேலையும் வரும். ஒன்று, வண்டியை முழுக்கக் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பொறுமையாகத் திரும்பப் பூட்டியது. இன்னொன்று, துருவின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் நான் வைத்துக்கொண்ட முறை, பெயிண்டைக் கடைசியில் பார்ப்பது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் நடந்த வேலையின் தடயம் எங்கெல்லாம் மிச்சம் இருக்கும் என்று தேடுவதுதான் முதல் வேலை. கையில் ஒரு டார்ச், கம்பியில் மாட்டிய சின்னக் கண்ணாடி, பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர், தரையில் விரிக்க ஒரு அட்டை. இவை போதும்.

மீட்டரைப் பற்றி முதலில். கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் காட்டும். சுரண்டி எடுத்துவிட்டு நன்றாக அடித்த மறு பெயிண்ட் 200, 300 என்று வரும். அதில் தப்பில்லை. ஒரே பலகையில் இங்கே 250, ஒரு சாண் தள்ளி 1,000-க்கு மேல் என்றால் அடியில் பட்டி இருக்கிறது. எஃப்ஜே40-இல் நான் அளக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதி, பின்பக்கப் பலகைகளின் அடி ஓரம், இரட்டைப் பின்கதவுகளுக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழே ஓடும் வாசல் பட்டை, விண்ட்ஷீல்டு சட்டத்தின் அடி மூலை. இந்த வண்டி துருப்பிடிப்பது இங்கெல்லாம்தான். கூரையில் மீட்டரை வைத்தால் ஒன்றும் காட்டாது. ஹார்ட்டாப்பின் மேல்மூடி ஃபைபர்கிளாஸ், பக்கவாட்டுத் தகடு மட்டும்தான் இரும்பு. உடலே முழுக்கக் காட்டவில்லையா? அலுமினியத்தில் செய்த புதுத் தொட்டியாக, அதாவது வண்டியின் உடல்கூடாக, இருக்கலாம். இரும்பை மட்டும் அளக்கும் மீட்டர் அங்கே ஊமையாகிவிடும். அலுமினியத் தொட்டி குறை இல்லை, ஆனால் விவரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நேரடி ஏலத்தில் மீட்டர் வைக்கும் முன்பு வண்டிக்காரரிடம் கேட்டுவிடுவேன். வேலையில் நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாக வையுங்கள் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன தடயம் போல்ட். யாரும் படம் எடுத்துப் போடாத, ஆனால் செய்தவரின் குணத்தை அப்படியே சொல்லிவிடும் பொருள் அது. ஜப்பானிய வண்டியில் 8 எம்எம் போல்ட்டின் தலைக்கு 12 ஸ்பேனர் சேரும், 10 எம்எம் போல்ட்டுக்கு 14 சேரும். சாதாரண ஹார்டுவேர் கடை மெட்ரிக் போல்ட் என்றால் அதே அளவுகளுக்கு 13-உம் 17-உம் வேண்டும். தலை பெரிதாக இருப்பது பழகிவிட்டால் கண்ணுக்கே தெரியும். டொயோட்டாவின் பழைய போல்ட் தலையில் 4, 7 என்று வலிமையைக் குறிக்கும் ஒற்றை எண் பொறித்திருக்கும். கடை போல்ட்டில் 8.8 என்று இருக்கும். ஒரு நல்ல சீரமைப்பில் என்ன செய்வார்கள் என்றால், கழற்றிய போல்ட்டுகளை இடம் வாரியாகப் பையில் போட்டு வைத்து, மொத்தமாக மஞ்சள் ஜிங்க் முலாம் பூசி, அதே இடத்தில் திரும்ப மாட்டுவார்கள். கதவுக் கீல், ஃபெண்டர், ரேடியேட்டர் சட்டம் என்று வரிசையாக மஞ்சள் தலையும் அதில் 7-ம் தெரிந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். அந்த வேலைக்குத் தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை. அதைச் செய்தவர் பிரேக் பைப்பையும் ஒழுங்காக வளைத்திருப்பார் என்று நம்பலாம். இது வரை எனக்கு அப்படித்தான் பொருந்தி வருகிறது.

அப்புறம் அடியில் படுக்க வேண்டும். சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம், அதனால் துரு உள்ளே இருந்து வெளியே வரும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் கடைசிக் குறுக்குச் சட்டமும்தான் முதலில் போகும். ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்து உள்பக்கம் பார்ப்பேன். வெளியே கண்ணாடி மாதிரி பவுடர் கோட்டிங், உள்ளே உரிந்து தொங்கும் துருச் செதில் என்றால் அங்கேயே முடிவு. அடிப்பாகத்தில் தடித்த கறுப்புப் பூச்சு, அதாவது அண்டர்கோட், புதிதாக அடித்திருந்தாலும் எனக்குச் சரிப்படாது. எதை மூடினார்கள் என்று தெரிய வழியில்லை.

அடியில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும், ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளிலும் கிரீஸ் நிப்பிள்கள், அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள், இருக்கும். அவற்றின் மேலேயே பெயிண்ட் படிந்து, நடுவில் இருக்கும் குட்டி உருண்டை கூட மூடிக்கிடந்தால், பெயிண்ட் அடித்த பிறகு இந்த வண்டிக்கு ஒருவரும் கிரீஸ் அடிக்கவில்லை என்று பொருள். கூட்டிப் பூட்டி, நேராக ஏலத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். நிப்பிளைச் சுற்றிப் பழைய கிரீஸ் கொஞ்சம் பிதுங்கி, அதில் தூசி ஒட்டி இருந்தால் எனக்குச் சந்தோஷம். யாரோ ஓட்டியிருக்கிறார்கள், கவனித்திருக்கிறார்கள். ரப்பர் பிரேக் ஹோஸின் மேல் பெயிண்ட் தூறல் விழுந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்: கழற்றாமலேயே அடித்திருக்கிறார்கள்.

முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் இரும்பு உருண்டை ஒன்று தெரியும், அதைத் துடைக்கிற மாதிரி ஒரு சீல் சுற்றி இருக்கும். உருண்டையின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது சரி. தண்ணியாக எண்ணெய் வழிந்து டிரம் பக்கமோ டயர் பக்கமோ இறங்கினால், உள் சீல் போய், கியர் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது. இரண்டு பக்கமும் நக்கிளை, அதாவது அந்த உருண்டையைச் சுற்றிச் சக்கரத்தைத் திருப்பும் மூட்டை, பிரிக்க வேண்டிய வேலை. வண்டியைச் சீரமைத்ததாகச் சொல்லி இதை விட்டிருந்தால், சீரமைத்தது பாடியை மட்டும்தான்.

கதவு இடைவெளியைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சொகுசுக் கார் மாதிரி நூல் பிடித்த இடைவெளி வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எஃப்ஜே40 கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததில்லை. நான் பார்ப்பது வேறு: கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தால் ஆடுகிறதா, மூடும்போது கீழே இறங்கி ஏறுகிறதா. இறங்கினால் கீல் தேய்ந்திருக்கும், அல்லது கீல் மாட்டிய தூண் பலவீனமாகியிருக்கும். அதே மாதிரி, தகடு சேரும் விளிம்புகளில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங்கின் வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். அதையும் பட்டி வைத்து மழமழவென்று நிரப்பிவிடுகிறார்கள். பார்க்க அழகு என்று விலையும் ஏறுகிறது. எனக்கு அந்தக் குழிகள் தெரியும் வண்டிதான் மேல், ஏனென்றால் அங்கே பழைய தகடு உண்மையாகவே மிஞ்சியிருக்கிறது.

ஆண்டும் பாகங்களும் ஒத்துப்போகின்றனவா என்பது மேசையில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியது. அமெரிக்காவுக்கு வந்த வண்டிகளில் 4 கியர் 1974 மாடலில் வந்தது. 3.9 லிட்டர் எஃப் எஞ்சினுக்குப் பதில் 4.2 லிட்டர் 2எஃப் வந்தது 1975-இல். முன் டிஸ்க் பிரேக் 1976 மாடலில். 1979 மாடலில்தான் பெட்ரோல் டேங்க் பக்கத்து சீட்டுக்கு அடியிலிருந்து பின்னால் போனது. 1972 என்று சொல்லும் வண்டியில் டிஸ்க் பிரேக்கும் 4 கியரும் இருந்தால் ஓட்ட நல்லதுதான், ஆனால் அசல் என்று எழுதக்கூடாது. சேசிஸ் எண் வலப்பக்கச் சட்டத்தின் முன்பகுதியில், வெளிப்பக்கமாகக் குத்தியிருக்கும். அதுவும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள சுவரில்) ரிவிட் அடித்த தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகடு புதிதாக மின்னினால் சேசிஸ் எண்ணின் படத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

25 ஆண்டு கடந்த வண்டிகளை இறக்குமதி செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதால் கொலம்பியாவிலிருந்து நிறைய எஃப்ஜே40 வருகின்றன. கொலம்பியா என்றதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிக நேர்த்தியான வேலையும் அங்கிருந்து வந்து பார்த்திருக்கிறேன், பட்டி மலையும் பார்த்திருக்கிறேன். ஊரை வைத்து மதிப்பிடாமல் வண்டியை வைத்து மதிப்பிடத்தான் இத்தனையும்.

நேரடி ஏலத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் மேடைக்கு ஏற்றுவதற்காக வரிசையில் நகர்த்தும்போது எஞ்சின் போட்டாக வேண்டும். அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் நான் நிற்பேன். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை, கியர் விழும் சத்தம், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் சக்கரம் அசைகிறது எல்லாம் அங்கே கிடைக்கும். 2எஃப்-இல் எஞ்சினோடு சேரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்ட் வளைந்து கேஸ்கெட் கசிந்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், சூடானதும் சில வண்டிகளில் அடங்கிவிடும். வால்வ் இடைவெளியால் வரும் சத்தத்தையும் இதையும் காதால் பிரிக்க இன்னும் எனக்குத் திடமாக வரவில்லை. ஒரு பழைய மெக்கானிக்கோடு நின்று கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஏலம் தொடங்கும் முன்பே நோட்டில் என் மதிப்பெண்ணை எழுதிவிடுகிறேன், அடிப்பாகம், தகடு, பூட்டிய விதம், பெயிண்ட் என்று தனித்தனியாக. விற்ற விலையைப் பிறகு எதிரே எழுதுவேன். என் நோட்டைப் பொறுத்தவரை விலை பெயிண்டோடும் படங்களோடும்தான் போகிறது, அடிப்பாகத்தோடு போவதில்லை. நேர்மையாக வேலை செய்த பட்டறைக்காரரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாங்குபவனுக்கு அதே இடத்தில்தான் வாய்ப்பு.

இப்போது இணையத்தில் 1978 மாடல் பீஜ் நிற வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பவரிடம் மூன்று கேட்டேன்: பின் சேசிஸ் உள்பக்கப் படம், இரு நக்கிளின் அடிப்படம், எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோ. ஸ்டார்ட் செய்யும் முன்பு மேனிஃபோல்டைக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னேன், காட்டியிருக்கிறார். சேசிஸில் ஒட்டுப் போட்ட இடத்தையும் நான் கேட்காமலேயே கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினார். வெல்டிங் அழகாக இல்லை, ஆனால் முழுச் சுற்றும் பிடித்திருக்கிறது, தேய்த்து மறைக்கவில்லை. இடப்பக்க நக்கிள் கசிகிறது. பெயிண்ட் சுமார்தான், வலக் கதவில் நிறமும் கொஞ்சம் மாறுகிறது. சீல் கிட், பேரிங், கூலி, ஏலக்காரர்கள் வாங்குபவரிடம் எடுக்கும் கட்டணம் எல்லாவற்றையும் கழித்து என் உச்ச விலையை எழுதி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை மதியம் முடிகிறது, ஏலம் கேட்கப் போகிறேன்.