ரோச்சா, ரட்டா? தேம்ஸ் கரை நாட்குறிப்பு

ஜூன் 16

ஆற்று மீன்களுக்கான தடைக்காலம் (மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை) நேற்றோடு முடிந்தது. சால்மன், டிரவுட் நீங்கலான நன்னீர் மீன்களை இங்கிலாந்தில் ‘கோர்ஸ்’ மீன் என்பார்கள். இந்தத் தடை அவற்றுக்குத்தான். 13 வயது தொடங்கிவிட்டால் தூண்டில் உரிமம் கட்டாயம்.

ரோச், ரட் (roach, rudd) என்ற இரண்டு கோர்ஸ் மீன்களுக்கும் வெள்ளி உடம்பு, சிவந்த துடுப்பு. ரோச்சா, ரட்டா? நிறத்தை நம்ப வேண்டாம். கலங்கிய தண்ணீரில் ரட் வெளுத்துவிடும். வயதான ரோச்சின் துடுப்போ நல்ல சிவப்பாக இருக்கும். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வயிற்றுத் துடுப்பு முளைக்கும் இடத்தில் போய் விழுந்தால் ரோச். அதைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் ரட். அடுத்து வாய்: ரோச்சுக்கு மேலுதடு சற்று முன்னே நிற்கும், தரையில் மேய்கிற மீன். ரட்டுக்குக் கீழுதடு துருத்தி வாய் மேல்நோக்கியிருக்கும், நீர்ப்பரப்பில் விழும் பூச்சிக்கு ஏற்றபடி.

ஜூன் 19

மீனை அடையாளம் காணச் சில சமயம் துடுப்புக் கதிர்களையும் செதில்களையும் எண்ண வேண்டிவரும். கையில் பிடித்து எண்ணினால் மீனும் துள்ளும், எண்ணிக்கையும் தப்பும். அரை அடி அகல அக்ரிலிக் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, உள்ளே இன்னொரு அக்ரிலிக் தகட்டைச் சாய்த்து வைத்தால் மீன் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி அமைதியாக நிற்கும். துடுப்புகள் தாமாக விரியும். இடப்பக்கத்தைப் படமெடுத்து, எண்ணுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை மீன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். வெயில் நாளில் தண்ணீரை ஒவ்வொரு மீனுக்கும் மாற்றுங்கள்.

ஜூன் 28

இன்று ரோச் மாதிரியே ஒன்று, ஆனால் உடம்பு கொஞ்சம் உயரம், துடுப்பு சாம்பல். இப்படித் தயக்கம் வந்தால் அடிப்பக்கம் வாலுக்கு முன்னால் உள்ள குதத் துடுப்புக்குப் போக வேண்டும். அதன் கிளைத்த கதிர்கள் (துடுப்பைத் தாங்கும், நுனி பிரிந்த குச்சிகள்) ரோச்சில் 9 முதல் 12, பிரீம் (bream) என்ற மீனில் 23 முதல் 29. இதில் 17. ரோச்சும் பிரீமும் கலந்த குட்டி, சந்தேகமில்லை. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே சமயம் முட்டையிடுவதால் இந்தக் கலப்பு சாதாரணம். ‘பெரிய ரோச்’ என்று எடை போட்டு மகிழும் பலரின் கையில் இருப்பது இதுதான்.

எண்ணும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். முன்னால் உள்ள கிளைக்காத கதிர்களைச் சேர்க்கக் கூடாது. கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டுபோலத் தெரியும், அது ஒன்றுதான்.

ரோச்சும் ரட்டும் கலந்ததற்கு இந்தக் கணக்கு உதவாது, இரண்டின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே மறுபடி வாயும் முதுகுத் துடுப்பும்தான்.

ஜூலை 6

சப், டேஸ் (chub, dace) என்ற மீன்களில், சிறு சப்பையும் டேஸையும் பிரிக்க ஒரே பார்வை போதும்: குதத் துடுப்பின் விளிம்பு சப்பில் வெளியே வளைந்திருக்கும், டேஸில் உள்ளே குழிந்திருக்கும். துடுப்பு மடங்கியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விரித்துப் பாருங்கள்.

ஜூலை 20

அடித்தரை மீன்களுக்கு மீசையை எண்ணுங்கள். கட்ஜனுக்கு 2, பார்பலுக்கு 4, ஸ்டோன் லோச்சுக்கு 6. பார்பல் குஞ்சைக் கட்ஜன் என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கட்ஜனைப் போலவே பார்பல் குஞ்சிலும் புள்ளி உண்டு. எந்த ஆறு என்பதும் ஒரு தடயம். பார்பல் இயல்பாக இருந்தது கிழக்கே ஓடும் ஆறுகளில். மேற்கே உள்ள செவர்ன் ஆற்றுக்கு 1956-இல் தேம்ஸின் துணையாறான கென்னட்டிலிருந்து கொண்டுபோய் விட்டதுதான்.

ஸ்பைன்ட் லோச்சுக்கும் 6 மீசைதான். ஆனால் கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் ஒரு முள் இருக்கும். நம்மூர் அயிரையும் இதே குடும்பம்; கண்ணுக்குக் கீழே அதற்கும் முள் உண்டு, அயிரை ஆய்ந்த விரல்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9

குளத்தில் க்ரூசியன், அதாவது கார்ப் வகையில் ஒரு மீன். உண்மையான க்ரூசியனுக்கு மீசையே கிடையாது, முதுகுத் துடுப்பின் விளிம்பு வெளியே வளைந்திருக்கும். குட்டியாக ஒரு மீசை தென்பட்டாலும் அதில் சாதாரணக் கார்ப்பின் ரத்தம் இருக்கிறது. பழுப்புநிறத் தங்கமீன் இதைவிட ஏமாற்றும், அதற்கும் மீசையில்லை. அங்கே எண்ண வேண்டியது பக்கக்கோட்டுச் செதில், அதாவது உடம்பின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் கோட்டின் மேலுள்ள செதில்: செவுள் மூடிக்குப் பின்னால் தொடங்கி வாலடி மடிப்பு வரை. அந்த மடிப்பைத் தாண்டி வாலுக்குள் போகும் செதில்களையும் எண்ணினால் தங்கமீன் க்ரூசியனாகிவிடும். க்ரூசியனில் 31 முதல் 36. தங்கமீனில் பெரும்பாலும் 30-க்குள்.

31 வந்தால்? முதுகுத் துடுப்பின் முதல் பெரிய முள்ளின் பின்விளிம்பை நகத்தால் தடவுங்கள். தங்கமீனில் ரம்பம்போலக் கரகரக்கும், க்ரூசியனில் பற்கள் நுணுக்கமாக, அடக்கமாக இருக்கும். இன்று பார்த்த நாலில் மூன்று நகத்தில் கரகரத்தன.