23 வார்னிங்கும் ஒரு ஏல நோட்டும்

தக்கலையில் ஜூன் மாசச் சாரல் விட்டபாடில்லை. மாடியறையில் உட்கார்ந்து, ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளில் இருந்து அளவுகளை வாங்கும் ஒரு பெட்டிக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். ஓடுகிறது, தரவு வருகிறது, முடிந்தது என்று நினைத்தேன். அனுப்பும் முன், டேட்டா ரேஸைப் பிடிக்கும் கேசிசான் (KCSAN) என்ற கருவியைச் சேர்த்து, லினக்ஸின் மையமான கர்னலைக் கட்டி, இன்னும் கடுமையாகச் சோதிக்கும் ஸ்ட்ரிக்ட் விருப்பத்தையும் போட்டு, க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் நாலு சிபியு கொடுத்து ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் 23 டேட்டா ரேஸ் வார்னிங். லாக், அதாவது பூட்டு, மாதிரி பாதுகாப்பு இல்லாமல் ஒரே நினைவக இடத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டு, அதில் ஒருவராவது எழுதினால் அது டேட்டா ரேஸ்.

பார்த்தவுடன், எல்லாம் பொய் என்றுதான் தோன்றியது. பாதிக்கு மேல் வெறும் எண்ணிக்கைகள்: எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை விழுந்தது. ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

ஆனால் கேசிசான் ஊகித்துச் சொல்வதில்லை. 2020-ல் வந்த 5.8 பதிப்பில் இருந்து கர்னலோடே இருக்கும் கருவி இது. இயல்பாக, சுமார் 4000 நினைவக அணுகல்களுக்கு ஒன்றைப் பிடித்து அந்த இடத்தில் காவல் வைக்கும். சாதாரண டாஸ்க் என்றால் 80 மைக்ரோசெகண்ட், இன்டரப்ட் என்றால் 20 காத்திருக்கும். அதற்குள் இன்னொரு சிபியு அதே இடத்தைத் தொட்டால் கையும் களவுமாகப் பிடிக்கும். ஆக, ரேஸ் நடந்தது நிஜம். அதனால் கெடுதல் உண்டா இல்லையா என்பதைத்தான் அதால் சொல்ல முடியாது. இது எனக்கு உறைக்கவே இரண்டு நாளானது.

அந்த இரண்டு நாளில் செய்த காரியம் இன்னும் மோசம். படிக்கும் இடமெல்லாம் ரீட் ஒன்ஸ், எழுதும் இடமெல்லாம் ரைட் ஒன்ஸ். 'இதை ஒரே தடவையில் செய்' என்று கம்பைலரிடம் சொல்லும் மேக்ரோக்கள் இவை; இவற்றைப் பார்த்தால், தெரிந்தே செய்தது என்று கேசிசான் விட்டுவிடும். வார்னிங் பூஜ்யம். பெருமையாகக் குளச்சல் அண்ணனுக்கு அனுப்பினேன்; முன்பு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். ராத்திரியே போன் வந்தது.

"மக்கா, சத்தம் நின்னா நோய் போச்சுன்னு ஒனக்கு யாருலே சொன்னா? அந்தக் கவுண்டர எழுதுறது பூரா லாக்குக்குள்ளதானே?"

"ஆமாண்ணே. சிஸ்எஃப்எஸ் ஃபைல் வழியா வெளிய காட்டும்போது மட்டும் லாக் இல்லாம படிக்கேன்."

"அப்ப எழுதுற எடத்துல எதுக்கு ரைட் ஒன்ஸ்? நாளைக்கு ஒருத்தன் ஒன்னப் பாத்து லாக் இல்லாம ரைட் ஒன்ஸ் போட்டா, கேசிசான் வாயே திறக்காது. கடற்கரையில ஏல நோட்ட எட்டிப் பாத்து 'இன்னிக்கு எம்புட்டு?'ன்னு கேக்கது ஒண்ணு. எட்டிப் பாத்த கணக்க வச்சு ரூவா கட்டுறது வேற. எது எதுன்னு பிரிச்சியா?"

பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். சும்மா எட்டிப் பார்க்கும் இடங்களில், படிப்பதை மட்டும் 'இந்த ரேஸ் தெரிந்தே விட்டது' என்று கேசிசானிடம் சொல்லும் டேட்டா ரேஸ் மேக்ரோவுக்குள் வைத்து, ஏன் என்று மேலே ஒரு வரி. எழுதும் பக்கத்தைத் தொடவில்லை. 17 வார்னிங் இப்படித் தீர்ந்தன. இன்னும் நாலில், டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவைக் கேட்காமல் நேரடியாக, வன்பொருளே விவரிப்பானில் (பஃபரின் விவரம் இருக்கும் நினைவகத்தில்) எழுதிக்கொண்டிருந்தது. எதிராளி யாரென்று தெரியாததால் கேசிசான் 'அன்னோன் ஆரிஜின்' என்று முனகியது. அங்கே ரீட் ஒன்ஸ்தான் சரி. படிக்கும் வரிசை மாறாமல் காக்கும், நான் மறந்திருந்த டிஎம்ஏ ரீட் பேரியரும் சேர்ந்தது. ஒன்று, த்ரெட்டை நிறுத்தும் கொடி. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்ஸ்.

மிச்சம் ஒன்று. பஃபர் இருக்கும் முகவரியைச் சொல்லும் பாயின்டர் நல் (வெறுமை) இல்லையா என்று பார்த்து, அடுத்த வரியிலேயே அதன் நீளத்தை எடுக்கிறேன். இதையும் டேட்டா ரேஸுக்குள் தள்ளக் கை போய்விட்டது. அந்த மேக்ரோ கேசிசானின் வாயைத்தான் மூடும், கம்பைலரின் கையைக் கட்டாது. அது பாயின்டரை இரண்டு தடவை படிக்கலாம். நடுவில் டிரைவரைக் கழற்றும் த்ரெட் அதை நல் ஆக்கிவிட்டால் கர்னல் விழும். ரீட் ஒன்ஸ் போட்டாலும், விடுவித்த நினைவகத்தைத் தொடும் ஆபத்து போகாது. லாக் இல்லாமலே பத்திரமாகப் படிக்க விடும் ஆர்சியு முறையை யோசித்தேன். எப்போதாவது ஓடும் பாதைக்கு அது அதிகம் என்று பட்டது. பேசாமல் லாக்கை எடுத்தேன்.

ஒரு ஓட்டத்தில் வார்னிங் வராததை நம்ப இப்போது மனசில்லை. பூட் வரியில், எத்தனை அணுகலுக்கு ஒன்றைப் பிடிப்பது என்ற ஸ்கிப் வாட்ச் அளவை 4000-லிருந்து 500 ஆக்கி ராத்திரி முழுக்க விட்டேன். மூன்று மணிக்குக் கரண்ட் போனது; யுபிஎஸ் தாங்கியது. காலையில் லாகில் ஒரே ஒரு புது வார்னிங். என் டிரைவரில் இல்லை, கர்னலின் வேறொரு மூலையில். கேசிசானுக்கு உத்தரவு கொடுக்கும் டீபக்எஃப்எஸ் கோப்பில் அந்த ஃபங்ஷன் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டு, என் ஓட்டத்துக்கு மட்டும் வடிகட்டிவிட்டு, எது எதைக் கூப்பிட்டது என்று காட்டும் ஸ்டேக்கை ஒரு கோப்பில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அண்ணனோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.