பிள்ளையோடு உட்கார ஓர் இடம் வேண்டும்

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க வராத அப்பாக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், சிங்கப்பூரில் நம் ஆட்கள் "பொறுப்பில்லாதவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பேட்டையில் நடக்கும் ஒரு சிறிய அப்பாக்கள் குழுவில் தொண்டூழியராக உட்கார்ந்து நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ரகம். கையில் காசு இல்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வீடு இல்லை, இந்த நிலைமையில் போய் அதன் முகத்தைப் பார்க்க வெட்கம். ஒரு வாரம் போகாமல் விட்டால் அடுத்த வாரம் போவது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது, அப்படியே மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது.

இங்கே சட்டம் அப்பாக்களை ஒதுக்கி வைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னதிலிருந்து, பிள்ளையின் படிப்பு, வைத்தியம், மதம் போன்ற பெரிய முடிவுகளில் அப்பா அம்மா இருவருக்கும் சேர்ந்தே பொறுப்பு என்பதுதான் வழக்கம். பிள்ளை யார் வீட்டில் வளரும் என்பது தனி விஷயம், அது பெரும்பாலும் அம்மா வீடு. அப்பாவுக்குக் கிடைப்பது ஆக்சஸ், அதாவது பிள்ளையைப் பார்த்து அதோடு நேரம் செலவிடும் உரிமை. உதாரணமாக, சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, பள்ளி விடுமுறையில் பாதி, தீபாவளி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் என்று எழுதியிருக்கும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அப்பா பாதுகாவல் வேலை செய்பவராக இருந்தால்? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரத்தில் ஆறு நாள், சனிக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். உணவு டெலிவரி ஓட்டுபவருக்கோ வாரக்கடைசியில்தான் நாலு காசு கூடுதலாக வரும். பிள்ளையோடு இருக்கும் அந்த எட்டு மணி நேரம் சம்பளம் இல்லாத எட்டு மணி நேரம், அதில் செலவு வேறு.

அப்புறம் வீடு. பிரிந்த பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுக் கடன் கழித்து, கையில் ஒன்றும் மிஞ்சாதவர்கள் பலர் ஓரறை வாடகை வீட்டில் இன்னொரு ஆளோடு பங்கு போட்டு இருக்கிறார்கள். தனி ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் கிடைக்கும் வீடு அது. முன்பின் தெரியாத ஓர் ஆண் படுத்திருக்கும் அந்த அறைக்கு ஒன்பது வயதுப் பெண்பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அம்மா சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. எங்கள் குழுவில் ஓர் அண்ணன், லாரி ஓட்டுபவர், மகளைச் சனிக்கிழமைகளில் நூலகத்தில்தான் வைத்திருப்பார். ஏர்கான் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம், கழிப்பறை சுத்தம். ஆனால் நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரிக்க முடியாது, சமைத்துச் சாப்பிட முடியாது, பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் நாற்காலியிலேயேதான் தூங்க வேண்டும். மழை பெய்தால் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம், அங்கே எவ்வளவு நேரம் உட்காருவது?

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த லாரி அண்ணன் மகளை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குக் கூட்டிப் போனார். கேம்பல் லேனில் கூட்டம் தெரியுமே. பாவாடை சட்டைக் கடையில் அந்தப் பிள்ளை ஒரு பச்சை நிறத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம்பா, அம்மா வாங்கிட்டாங்க" என்றதாம். அம்மா வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். குழுவில் இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, ஆனால் கோப்பிக் குவளையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், அவருக்கும் இரண்டு பிள்ளைகள், "அதோட என்ன சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பிரியாணி, பங்கு போட்டு. அரை மணி நேரம் பிரியாணியைப் பற்றியே பேசினோம். ஆலோசகர் சொல்லித் தரும் எந்தப் பாடத்தையும்விட இந்த மாதிரிப் பேச்சுதான் அடுத்த சனிக்கிழமையும் ஒருவரைப் பிள்ளையிடம் அனுப்புகிறது என்று நான் நம்புகிறேன்.

வெகுநாள் பார்க்காமல் இருந்த அப்பாக்களுக்கும், பாதுகாப்புப் பற்றிய கவலை உள்ள குடும்பங்களுக்கும் மேற்பார்வையோடு கூடிய சந்திப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓர் அறை, கொஞ்சம் விளையாட்டுச் சாமான், ஓரமாக ஒரு சமூக ஊழியர், ஒன்று இரண்டு மணி நேரம். வீட்டில் அடிதடி இருந்திருந்தால் இப்படித்தான் நடக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அம்மாவும் பிள்ளையும் பயந்துகொண்டிருக்கும் இடத்தில் அப்பாவின் ஏக்கத்தைப் பெரிதாகப் பேசக்கூடாது. முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கேள்வி கேட்காதீர்கள். "அம்மா என்னைப் பத்தி என்ன சொல்றாங்க", "புது வீட்டுக்கு யாரு வர்றா" இதெல்லாம் வேண்டாம். ஊனோ சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளை தானாகப் பேசும், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இனி பணம். பராமரிப்புத் தொகை கட்டாதவருக்குப் பிள்ளையைப் பார்க்க உரிமை இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அப்பாக்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. காசு வரவில்லை என்று ஆக்சஸை நிறுத்தக்கூடாது, ஆக்சஸ் தரவில்லை என்று காசையும் நிறுத்தக்கூடாது. அதே நேரம் பாக்கி விளையாட்டுக் காரியமில்லை. கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டம் இடம் தருகிறது, சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். எனக்கு வருத்தம் தருவது இதுதான்: வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால், தொகையை மாற்றச் சொல்லி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தைப் பலர் போடுவதே இல்லை. கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது, பயத்தில் பிரிக்காமல் தொலைக்காட்சிக்கு அடியில் சொருகி வைத்துவிடுகிறார்கள், பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. சட்ட உதவி அலுவலகம் 1958-லிருந்து இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கமே வழக்கறிஞர் உதவி தருகிறது. அந்த வாசல் வரை அவருக்குத் துணையாக ஒருவர் நடந்து போனால் போதும்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1990-களில் ஏழு இடங்களில் பேரன்ட்ஸ் ஃபேர் ஷேர் என்று ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். பிள்ளையோடு வசிக்காத, வேலை இல்லாத அப்பாக்களுக்கு வேலைப் பயிற்சி, சமரசப் பேச்சு, தற்காலிகமாகக் குறைக்கப்பட்ட பராமரிப்புத் தொகை, அப்பாக்கள் கூடிப் பேசும் குழு, எல்லாம் சேர்த்து. சம்பளம் பெரிதாக உயரவில்லை, மிகவும் அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. வந்தவர்கள் விரும்பி உட்கார்ந்தது அந்தக் குழுக் கூட்டத்தில்தான். எனக்கு அது ஆச்சரியமே இல்லை.

நம்மிடம் உதவி இல்லாமல் இல்லை. தந்தைமை மையம் 2000-லிருந்து இயங்குகிறது, டாட்ஸ் ஃபார் லைஃப் இயக்கம் 2009-ல் வந்தது, சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது, விவாகரத்தான குடும்பங்களுக்கென்றே குடும்ப சேவை நிலையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்பாக்களுக்கான நிகழ்ச்சி என்றால் முகாம், குடும்பத்தோடு இரவு உணவு, பிள்ளையோடு பள்ளிக்கு நடப்பது என்றுதான் நம் மனதில் வருகிறது. இதெல்லாம் நல்லதுதான், ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவருக்கு வேண்டியது ஓர் அறை. ஓர் அடுப்பு, ஒரு பாய், நான்கு நாற்காலி, வீட்டுப்பாடம் செய்ய ஒரு மேசை. வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் சமூக அறைகள் எத்தனை புளோக்கின் கீழே இருக்கின்றன! அவற்றை நடத்தும் குடியிருப்பாளர் குழுக்கள் நினைத்தால் அடுத்த மாதமே திறக்கலாம், ஒரு தொண்டூழியர் இருந்தால் அம்மாக்களுக்கும் நிம்மதி.

உங்கள் குடியிருப்பாளர் குழுவில் யாரையாவது தெரிந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். நீங்களே அப்படி ஓர் அப்பாவாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் எந்தக் குடும்ப சேவை நிலையத்திலும் போய் விசாரிக்கலாம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பிரிக்காத கடிதங்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.