வலிக்கிற கைக்கு எதற்குப் பயிற்சி?

முடக்குவாதத்துக்கான மருந்து ஒருவழியாகக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவர் என்னைக் கைப்பயிற்சிக்கு அனுப்பினார். வீங்கிய கைக்கு ஓய்வுதானே வேண்டும், மூட்டு இன்னும் கெட்டுவிடாதா என்று தெரபிஸ்டிடம் கேட்டேன். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'சாரா' ஆய்வைச் சொன்னார். பிரிட்டனில் 490 பேரிடம் நடந்தது. மருந்தோடு இந்தப் பயிற்சியையும் செய்தவர்களின் கைகள் ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தன. பயிற்சியால் வலி கூடவில்லை.

எனக்கும் அதே திட்டம்தான்: 12 வாரம், அசைவுக்கு 7 பயிற்சி, வலுவுக்கு 4. அசைவுப் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது, உள்ளங்கையை மேசையில் பரப்பி விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது. இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாயும். நாம் எதிர்ப்பக்கம் பழக்குகிறோம்.

கடினமானது வலுப் பயிற்சி. 'புட்டி' (putty) எனும் களிமண் போன்ற பயிற்சிப் பசையைக் கைக்குள் வைத்து அமுக்க வேண்டும், விரல்நுனியால் கிள்ள வேண்டும், ரப்பர் பட்டையின் இழுவிசைக்கு எதிராக மணிக்கட்டை மெல்ல இறக்க வேண்டும். எவ்வளவு பலம் போடுவது? அதற்குத்தான் போர்க் அளவுகோல். 0 முதல் 10 வரை, நமக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே சொல்லும் எண். தொடக்கத்தில் 3, 4. பழகப் பழக 5, 6. சுலபமாகிவிட்டால் அடுத்த நிறப் புட்டி, அதாவது இன்னும் இறுக்கமானது. 'முடிந்ததைச் செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் பயத்தில் பாதியில் விட்டிருப்பேன். எண் இருந்ததால் துணிவு வந்தது.

நோய் சீறி எழுந்து வீக்கம் ஏறிய நாட்களில் வலுப் பயிற்சியை ஒதுக்கி, அசைவை மட்டும் மெதுவாகச் செய்யச் சொன்னார். அடங்கியதும், விட்ட இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து மீண்டும்.

எங்கே, எந்த நேரத்தில் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்திடவும் வைத்தார். காலை விறைப்பு தளர்ந்து, வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்த பின் என்று எழுதினேன். திட்டத்தின் உயிரே அந்தத் தாள்தான் என்பேன்.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் பாட்டில் மூடியை நானே திறக்கிறேன், பொத்தானை நானே போடுகிறேன். 12 வாரம் முடிந்தும் பயிற்சியை நிறுத்தவில்லை.

காணொளியைப் பார்த்துத் தொடங்க நினைப்பவர்களே, ஒருமுறையாவது தெரபிஸ்ட் உங்கள் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து அளவு சொல்லட்டும். என் வலக்கைக்கும் இடக்கைக்குமே அவர் கொடுத்த புட்டி வேறு வேறு.